கேட்டது என்று ஒரு பதில் வேண்டும்

குமரி மாவட்டத்திலிருந்து விண்வெளி, தொலைத்தொடர்புத் துறைகளுக்குப் போயிருக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

தும்பாவிலும் வலியமலையிலும் மகேந்திரகிரியிலும் வேலை பார்க்கும் உங்களுக்கு, பெங்களூரிலும் அகமதாபாத்திலும் செயற்கைக்கோள் கருவிகளோடு இரவு பகலாக மல்லுக்கட்டும் உங்களுக்கு, சென்னையிலும் ஹைதராபாத்திலும் கைப்பேசியின் அடுத்த தலைமுறையை எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மடல். குமரி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கடப்புறத்தில். என் அண்ணன் தம்பிமார் கடலுக்குப் போனவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் போகிறார்கள். ஆகவே நான் எழுதப்போவது எனக்கு வீட்டுக் காரியம்.

நம் மாவட்டம் இஸ்ரோவுக்கு இரண்டு தலைவர்களைத் தந்திருக்கிறது. மேலசரக்கல்விளையில் பிறந்த கே. சிவன் 2018 முதல் 2022 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மேலக்காட்டுவிளையில் பிறந்த வி. நாராயணன் 2025 ஜனவரியில் பொறுப்பேற்றார். இத்தனை சிறிய மாவட்டத்துக்கு இது பெரிய பெருமை. யாரிடம் பேசினாலும் அவர்கள் பெயரைச் சொல்லாமல் விடமாட்டேன். இன்னொன்றையும் சேர்த்தே சொல்வேன். 1963 நவம்பர் 21 அன்று இந்த நாட்டிலிருந்து முதல் ஏவூர்தி கிளம்பியது தும்பா என்ற மீனவர் ஊரிலிருந்து. காந்த நிலநடுக்கோடு அந்த ஊரை ஒட்டிப் போகிறது என்பதால் விக்ரம் சாராபாய் அந்த இடத்தைக் கேட்டார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவும் ஊர் மக்களும் புனித மகதலேன் மரியாள் ஆலயத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். நீரோடியிலிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் வருகிற அதே கடப்புறம் அது. இந்தியாவின் விண்வெளிப் பயணம் மீனவர் விட்டுக்கொடுத்த மணலில் நின்று தொடங்கியது. அந்தக் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பது என் எண்ணம். தீர்க்கும் வழி இன்று உங்கள் கையில் வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், கைப்பேசிக் கோபுரம் எட்டுகிற தூரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1997இல் வடகேரளத்தில் கைப்பேசி வந்தபோது ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அங்குள்ள சாளை மீன் சந்தைகளை ஐந்தாண்டு காலம் கவனித்து, 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கைப்பேசி வருமுன், ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலிலேயே கொட்டிக்கொண்டிருப்பார்கள். அதே காலையில் சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீனில்லாமல் வியாபாரிகள் காத்து நிற்பார்கள். கைப்பேசி வந்தபின் படகுக்காரர் கடலிலிருந்தே நான்கு கரைகளில் விலை கேட்டுவிட்டு, எங்கே ஒதுங்குவது என்று முடிவெடுத்தார். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. யாரும் மானியம் கொடுக்கவில்லை, யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. பேச வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

நம் கரையிலும் அதுவே நடந்தது. குளச்சலிலும் முட்டத்திலும் ஏலம் போகிற விலை தேங்காப்பட்டணத்துக்கு உடனே தெரிகிறது. தலைச்சுமடாக மீன் கொண்டுபோகும் பெண்கள் எந்தத் துறையில் எந்த மீன் இறங்கியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டைவிட்டு இறங்குகிறார்கள். வளைகுடாவில் அரபிகளின் படகில் வேலை பார்க்கும் மகன் ராத்திரியில் முகம் பார்த்துப் பேசுகிறான். 2020இல் கொரோனாக் காலத்தில் ஈரானின் துறைமுகங்களில் நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டபோது, அவர்களே கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிய காணொளிகள்தான் அவர்கள் நிலைமையை ஊருக்கும் அரசுக்கும் சொன்னது. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 687 பேரோடு தூத்துக்குடி வந்து சேர்ந்தது. பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். ஈரானில் நின்றவன் குரல் வீட்டுக்கு வந்தது. நம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறவன் குரல் வராது.

ஏனென்றால் கரைக் கோபுரத்தின் அலை பொதுவாக 10, 12 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் விசைப்படகில் இருப்பது வயர்லெஸ். வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போவது. ஆன்டெனா உயரத்தைப் பொறுத்து 20, 25 கடல்மைல் எட்டினால் அதிகம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடிப் படகுகள் போகிற தூரமோ 200, 300 கடல்மைல், சில வேளை அதற்கும் மேலே. கொச்சியில் இறங்கி, கோவாவுக்கும் குஜராத்துக்கும் வெளியே, லட்சத்தீவையும் தாண்டிப் போய்ச் சூரையும் சுறாவும் பிடிக்கிறவர்கள். ஒரு தங்கல் என்றால் மாதக் கணக்கு. இந்தியாவில் இவர்கள் அளவுக்கு ஆழ்கடல் போகிறவர்கள் அரிது என்று கடல் ஆய்வாளர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மாதம் முழுக்க அவர்களுக்கு இருப்பது பக்கத்தில் ஓடுகிற படகு. அந்தப் படகுக்கு அடுத்த படகு. செய்தி அப்படிப் படகு படகாகத் தாவித்தான் கரைக்கு வர வேண்டும். நடுவில் ஒரு படகு விலகிப் போனால் சங்கிலி அறுந்தது.

2017 நவம்பர் 30இல் அது அறுந்தது. ஒக்கிப் புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பின்புறத்து ரப்பரும் வாழையும் சாய்ந்ததையும், மின்கம்பங்கள் முறிந்து நாள்கணக்கில் விளக்கில்லாமல் இருந்ததையும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது அதன் வேகத்தை. 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான தாழ்வு மண்டலம், அடுத்த நாள் காலையில் நம் முனைக்குப் பக்கத்திலேயே புயலாகிவிட்டது. ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்ற எச்சரிக்கை வந்தபோது, கிறிஸ்துமஸுக்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் நவம்பர் தொடக்கத்திலேயே கிளம்பிய படகுகள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நின்றன. போகாதே என்ற சொல் போய்விட்டவனுக்கு எதற்கு உதவும்? அந்தச் சொல்லைக்கூட அவனிடம் சேர்க்கக் கருவி இல்லை. நம் கடற்கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும் ஒதுங்கித் தப்பின. அது வீட்டாருக்குத் தெரியவே நாள்கள் ஆயின. டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அன்று அவர்கள் கேட்டதில் முதன்மையானது பணம் இல்லை. எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டார்கள். திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்தின் பெயரே ‘ஒருத்தரும் வரல’ என்பதுதான்.

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வந்தன. மறைக்காமல் சொல்ல வேண்டும்: உங்கள் துறைகள் சும்மா இருக்கவில்லை. நாவிக் என்ற நம் வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள் வழியாகப் புயல் எச்சரிக்கை பெறும் கருவி வந்தது. 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கருவி வெளியானது. ககன் என்ற வழிகாட்டு ஏற்பாட்டின் வழியாக வரும் செய்தியை வாங்கி, ப்ளூடூத்தில் கைப்பேசித் திரைக்குக் கொடுக்கும். மீன் கிடைக்கும் பகுதி, அலை உயரம், காற்று, எச்சரிக்கை எல்லாம் கரை கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வரும். வெளியானபோது விலை சுமார் 9,000 ரூபாய். நல்ல கருவி. ஆனால் அது பேசும், கேட்காது. நாவிக் கருவியும் அப்படியே. புயல் வருகிறது என்று அது சொல்லும். என் இயந்திரம் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்று படகில் இருப்பவன் அதனிடம் சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிரான குறை இன்னொரு கருவியில் இருந்தது. 2010 முதலே இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கைக் கருவி புழக்கத்தில் இருக்கிறது. 20,000க்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் படகின் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். அழுத்தியவனுக்கு மட்டும் ஒன்றும் திரும்பி வராது. போனதா, யாராவது பார்த்தார்களா, வருகிறார்களா என்று தெரியாமல், சாய்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி இந்தக் குறையைத் தீர்க்கிறது: உன் செய்தி கிடைத்தது, மீட்பு வருகிறது என்று படகுக்கே பதில் அனுப்புகிறது.

பொறியாளர் கண்ணுக்கு இது ஒரு சிறு மேம்பாடு. என் கண்ணுக்கு இதுவரை வந்த கருவிகளிலேயே பெரிய மாற்றம் இதுதான். கடலில் கிடந்து தப்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பசியையும் தாகத்தையும்விட, நாம் இங்கே கிடப்பது யாருக்கும் தெரியாது என்ற நினைப்புதான் ஆளை மனம் தளரச் செய்யும் என்பார்கள். ‘கேட்டது’ என்ற ஒற்றைப் பதில் வந்தால் ஒருவன் இன்னும் ஒரு ராத்திரி நீந்துவான். ஆகவே என் முதல் கோரிக்கை: இனிமேல் கடலுக்கு அனுப்பும் எந்தக் கருவியும், எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், பதில் சொல்லாத கருவியாக இருக்கக் கூடாது.

இப்போது வருவது டிரான்ஸ்பாண்டர். 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில், சுமார் 360 கோடி ரூபாயில், கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்துகிறார்கள். இஸ்ரோவின் தொழில்நுட்பம். படகின் இடத்தை இடைவெளிவிட்டுக் கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இருபக்கமும் குறுஞ்செய்தி போகும். ஆபத்துப் பொத்தான் உண்டு. நப்மித்ரா செயலி வழியாகக் கைப்பேசியில் படிக்கலாம். தமிழ்நாட்டு விசைப்படகுகளில் அதற்கு முன்பே பொருத்தத் தொடங்கிவிட்டார்கள். இதை நான் மனம் நிறைந்து வரவேற்கிறேன்.

இதன் அருமை தெரிய 2021 ஏப்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காப்பட்டணத்திலிருந்து போன ‘மெர்சிடஸ்’ என்ற படகு, 11 பேர். ஏதோ ஒரு படகின் உடைந்த பாகங்கள் கடலில் மிதப்பதாக மற்றப் படகுகள் சொல்ல, இது மூழ்கிவிட்டது என்று செய்தி பரவியது. வள்ளவிளையில் வீடுகளில் ஒப்பாரி எழுந்துவிட்டது. கடலோரக் காவல்படை தேடி, கோவாவிலிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தள்ளி அந்தப் படகைக் கண்டுபிடித்தது. 11 பேரும் நலமாக இருந்தார்கள். கரையில் தங்களுக்காக அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று அறியாமல் அவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு அழுத அந்த நாள்களை எந்த நிவாரணக் கணக்கிலும் சேர்க்க முடியாது. திரையில் ஒரு புள்ளி நகர்வது தெரிந்திருந்தால் அந்தக் கண்ணீர் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் அந்தப் புள்ளியை யார் பார்ப்பது? இதுதான் என் இரண்டாவது கோரிக்கை. இன்றைய ஏற்பாட்டில் அது மீன்வளத் துறையின் திரைக்கும் கண்காணிப்பு மையத்துக்கும் போகிறது. அங்கே போக வேண்டியதுதான். ஆனால் வீட்டில் இருக்கும் பெண்ணின் கைப்பேசிக்கும் போக வேண்டும். நாளுக்கு ஒருமுறை, ‘இன்ன இடத்தில் இருக்கிறோம், எல்லாரும் சுகம்’ என்று ஒரு வரி போதும். கடலோரத்தில் அந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள் என்று உங்கள் வகுப்பில் படித்த கடப்புறத்துத் தோழிகளைக் கேளுங்கள். தகப்பன் தங்கலுக்குப் போன நாள்களில் பாடத்தில் கண் நிலைக்காத பிள்ளைகளை நான் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். வானிலைச் செய்தி வந்த மறுநாள் வருகைப் பதிவேடே மாறிவிடும்.

படகுக்காரர்களில் சிலர் இந்தக் கருவியை அணைத்து வைக்கிறார்கள் என்ற புகார் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அவர்கள் அறியாமையால் செய்கிறார்கள் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். மீன் கிடைக்கும் பாரு என்பது தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சொத்து. கரையில் தெரியும் மலைமுகட்டையும் ஆலயக் கோபுரத்தையும் நேர்படுத்தி, இந்த இடத்தில் பாறை, இந்த இடத்தில் சேறு என்று தலைமுறை தலைமுறையாக மனத்தில் வரைந்து வைத்த வரைபடம் அது. எங்கே நின்று எத்தனை நாள் பிடித்தார்கள் என்பது ஒரு திரையில் தெரியுமென்றால், நாளைக்கு அது யார் கைக்குப் போகும் என்று பயப்படுவது நியாயம். எல்லை தாண்டினாய் என்று பின்னால் வழக்கு வருமோ என்ற பயமும் நியாயம். இதற்கு விடை அறிவுரை இல்லை, வடிவமைப்பு. அன்றாட இடக்குறிப்பு வீட்டாருக்கும் மீட்பு மையத்துக்கும் மட்டும் தெரியட்டும். தங்கல் முடிந்து படகு கரை சேர்ந்ததும் பழைய தடம் அழியட்டும். யார், எப்போது, எதற்காகப் பார்த்தார்கள் என்ற பதிவு படகுக்காரருக்குக் கிடைக்கட்டும். இவையெல்லாம் மென்பொருளில் செய்யக்கூடியவை. செய்தால் கருவி அணையாது.

இன்னொன்று இந்தக் கருவியின் உயிர் எங்கே இருக்கிறது என்பது. நீங்கள் அறிந்ததுதான், வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தலைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஜிசாட்-6 செயற்கைக்கோளில் இருக்கிறது; அதை 2015 ஆகஸ்டில் ஏவினார்கள். கையடக்கக் கருவியின் மெல்லிய அலையை அத்தனை உயரத்தில் பிடிக்க, குடைபோல் மடித்துக் கொண்டுபோய் விண்ணில் விரித்த 6 மீட்டர் ஆன்டெனா அதில் இருக்கிறது. ஒன்பது ஆண்டு ஆயுள் என்று கணக்கிட்டு அனுப்பினார்கள். அதற்குத் துணையாக 2018 மார்ச் 29இல் போன ஜிசாட்-6ஏ, சில நாளிலேயே தொடர்பு அறுந்து கைவிட்டுப் போனது. விண்வெளியில் அப்படி நடக்கும். அதில் உழைத்தவர்களின் வருத்தம் எனக்குப் புரியும். ஆனால் ஒரு லட்சம் படகுகளை ஒரே ஒரு மூத்த செயற்கைக்கோளில் தொங்கவிடக் கூடாது. அடுத்ததை எப்போது அனுப்புவது என்ற கூட்டங்களில் உங்களில் யாராவது உட்கார்ந்திருப்பீர்கள். தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கும் மற்ற வணிகத் தேவைகளுக்கும் வரிசை போடும்போது, இதை முன்னால் நகர்த்துங்கள் மக்களே. அந்தக் கூட்டத்தில் கடப்புறத்தின் சார்பில் பேச உங்களைவிட்டால் ஆள் கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய படகுகள். நம் கரையில் எண்ணிக்கையில் அதிகம் வள்ளங்கள். வெளிப்பொருத்து இயந்திரம் வைத்த பைபர் வள்ளம். அறை கிடையாது, கூரை கிடையாது, பெரும்பாலும் மின்கலமும் கிடையாது. நடுச்சாமத்தில் போய் விடிந்ததும் வருகிறவர்கள். இவர்களுக்கு 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் பேசும் பெட்டி தேவையில்லை. நம்மிடம் மலை இருக்கிறது.

தென் கொரியாவைப் பாருங்கள். 2014இல் செவோல் கப்பல் மூழ்கி நூற்றுக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் இறந்த பிறகு, அந்த நாடு கடலுக்கென்றே ஒரு எல்.டி.இ. வலையமைப்பைக் கட்டியது. கடற்கரையிலும் கடலைப் பார்த்த மலையுச்சிகளிலும் நிலையங்கள், 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. 2021 முதல் கரையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை படகுகளுக்குச் சேவை. ஏன் மலையுச்சி என்று நான் ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்குப் போட வைத்திருப்பேன்: 30 மீட்டர் கோபுரத்தின் உச்சியிலிருந்து வானொலி அலையின் தொடுவானம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர்; 900 மீட்டர் முகட்டிலிருந்து 120 கிலோமீட்டருக்கும் மேல். மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு இவ்வளவு பக்கமாக வந்து முடிகிற மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு எது? ஆரல்வாய்மொழிப் பக்கத்து முகடுகளில் காட்டுக்குச் சேதமில்லாமல் ஏற்கெனவே பாதை உள்ள இடமாகப் பார்த்து ஒன்றிரண்டு நிலையம் வைத்தால், நம் வள்ளங்கள் போகும் கடலில் பெரும்பகுதிக்கு அலை எட்ட வழியுண்டு. கரையை நோக்கி ஆயிரம் கோபுரம் வைத்த நாடு இது. கடலை நோக்கி இரண்டு வைக்கட்டும். இதை ஒரு திட்ட அறிக்கையாக எழுதித் தர ஐந்து பொறியாளர்கள் போதும். அந்த ஐந்து பேர் உங்களுக்குள் இருக்கிறார்கள்.

எச்சரிக்கை கரையில் நிற்பவருக்கும் வேண்டும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனதே, அந்தப் பேரலைக்கான எச்சரிக்கையை ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்னமே கொடுத்திருந்தது. மீனவர்கள் அறிந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு யார் சொல்வது? அவர்கள் எல்லார் பையிலும் கைப்பேசி இருந்திருக்கும். 2023இல் நாடு முழுக்க நம் கைப்பேசிகள் திடீரென்று அலறிச் சோதனைச் செய்தி காட்டியது நினைவிருக்கும். எண் எதுவும் தெரியாமலே, ஒரு கோபுரத்தின் கீழ் நிற்கும் எல்லார் கைப்பேசிக்கும் ஒரே நொடியில் சத்தத்தோடு செய்தி சேர்க்கும் முறை அது. கடல் சீறும் நாளில் சங்குத்துறையில், சொத்தவிளையில், லெமூரில் கால் வைக்கிற ஒவ்வொருவர் கைப்பேசியும் அப்படி அலற வேண்டும்.

மொழியையும் கவனியுங்கள். நம் ஆழ்கடல் படகுகளில் இன்று அசாம்காரரும் வங்காளத்துக்காரரும் ஒடிசாக்காரரும் தொழில் செய்கிறார்கள். ஓட்டுநர் தூங்கும் நேரத்தில் சுக்கான் அவர்கள் கையில். அந்த நேரத்தில் திரையில் வரும் எச்சரிக்கை தமிழில் மட்டும் இருந்தாலும் பயனில்லை. நடுக்கடலில் படகின் மேல் கப்பல் மோதிச் செத்தவர்களில் அவர்களும் உண்டு. தமிழிலும் வங்காளத்திலும் அசாமியிலும் ஒடியாவிலும் வாய்விட்டுச் சொல்லும் கருவி வேண்டும். எழுத்து வேண்டாம், குரல் வேண்டும். ஈரக் கையோடும் கலங்கிய கண்ணோடும் யாரும் படிக்க மாட்டார்கள்.

வரப்போகிற காலத்தைப் பற்றி நீங்கள் என்னைவிட அதிகம் அறிவீர்கள். 36,000 கிலோமீட்டருக்குப் பதிலாகச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், நம் சட்டைப்பையில் இருக்கும் சாதாரணக் கைப்பேசியோடு நேரடியாகப் பேசத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் 2025 முதல் கோபுரமில்லாத காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ப்ளூபேர்ட் செயற்கைக்கோளை 2025 டிசம்பர் 24 அன்று ஏற்றிக்கொண்டு போனது நம்முடைய எல்.வி.எம்.-3 ஏவூர்தி. அந்தச் செயற்கைக்கோள் ஆறு டன்னுக்கும் மேல் எடை. ஊர்திக்குக் கைதட்டினோம், எனக்கும் கண் நிறைந்தது. அந்த வசதி நம் கடலுக்கு எப்போது வரும், என்ன விலையில் வரும் என்பதுதான் அடுத்த கேள்வி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு செயற்கைக்கோள் பேசிகளுக்கு இந்த நாட்டில் கட்டுப்பாடு கடுமை. அரசின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அனுமதியோடு கிடைப்பதும் நிமிடக் கட்டணத்தில் மீனவருக்குக் கைக்கு எட்டாதது. பாதுகாப்புக் கவலை பொய்யில்லை. ஆனால் அடையாள அட்டையும் பதிவெண்ணும் உள்ள ஒரு மீனவனின் ஆபத்துச் செய்தியும், ‘சுகம்’ என்று வீட்டுக்குப் போகும் ஒரு வரியும் யாருக்கு ஆபத்து? அந்த இரண்டையும் எந்த நிறுவனமானாலும் கட்டணமில்லாமல் கொண்டுசேர்க்க வேண்டும் என்று உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதலாம். விதிகள் எழுதப்படும் இந்த நேரத்தில் எழுதாவிட்டால், பிறகு கெஞ்சி வாங்க வேண்டிவரும்.

கருவியைச் செய்கிறவர்கள் வள்ளத்தில் ஒருமுறையாவது ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆய்வுக்கூடத்தில் உப்புப் புகையில் வைத்துச் சோதிப்பீர்கள், தெரியும். ஆனால் அணியத்தில் மோதித் தெறிக்கும் அலை, கயிறு இழுக்கும்போது முழங்கை இடிக்கும் இடம், வலையோடு சிக்கி முறியும் ஆன்டெனா, தடித்த விரலுக்கு அகப்படாத சின்னப் பொத்தான் இவையெல்லாம் அங்கே தெரியாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தேங்காப்பட்டணத்திலும் குளச்சலிலும் முட்டத்திலும் கட்டிக் கிடக்கும். வலை பின்னிக்கொண்டும் பெயின்ட் அடித்துக்கொண்டும் ஆட்கள் கரையிலேயே இருப்பார்கள். வள்ளக்காரர்கள் அந்த நாள்களிலும் தொழிலுக்குப் போவார்கள். நீங்கள் ஊருக்கு விடுப்பில் வருகிற காலமும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு கடப்புறத்துக்கு வாருங்கள். உங்கள் கருவியையும் கையோடு கொண்டுவாருங்கள். பங்குத்தந்தையிடமோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ சொன்னால் படகுக்காரர்களைக் கூட்டித்தருவார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ‘நான் இதில் பேசினால் அந்தப் பக்கம் யார் இருப்பார்கள்?’ அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்,
குமரி மேற்குக் கடற்கரையிலிருந்து